அமைதியான மத்தியானம்

கம்பாலா ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் கட்டும்பா, காலையிலேயே கம்ப்யூட்டரில் வேண்டாததைக் களையெடுக்க ஆரம்பித்தார்.

"நம்ம புரோகிராமர் ஓடோங்கோ செத்து ஆறு மாசமாச்சு. அவன் லாகின் இன்னும் சர்வர்ல திறந்தே கிடக்கு. பேய் வந்து புரோகிராம் எழுதப்போகுதா?" சிரித்துக்கொண்டே அதை மூடினார்.

மத்தியானம் வரை ஒரு அழைப்பும் இல்லை. டிரைவர்கள் வண்டியிலேயே தூங்கினார்கள்.

"இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்ல, ஐயா," என்றாள், அழைப்புகள் வரும் திரைமுன் இருந்த நகாயிசா.

"எல்லாம் நான் வந்த ராசி! போய் வாழைக்காய் மட்டோக்கே சாப்பிடும்மா."

அப்போது வாசலில் ஒரு பைக் டாக்ஸிக்காரன் கத்தினான். "எல்லாரும் செத்தா போயிட்டீங்க? உங்க செயலியை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சுபோச்சு. அடிபட்டவனை நானே தூக்கிட்டுப் போறேன்!"

நகாயிசா சர்வரைப் பார்த்தாள். அழைப்புகளை வாங்கும் பைத்தான் புரோகிராமைச் சோதனைக்காகத் தன் லாகினில் ஓடவிட்ட ஓடோங்கோ, அதைத் தனியாக இயங்கும்படி மாற்றாமலே போய்ச் சேர்ந்திருந்தான். லாகினை மூடியதும் அதுவும் நின்றுவிட்டது.

அவள் மறுபடி ஓடவிட்டாள். செல்போன்களில் தேங்கிக் கிடந்த அழைப்புகள் திரையில் கொட்டின. மூன்றாவது வரி: "பிரசவம். ரத்தம் நிற்கவில்லை."

"ஐயோ, அது என் பொண்டாட்டி நம்பர்!" கட்டும்பா அலறினார். "வண்டியை அனுப்பு!"

அதே எண்ணிலிருந்து, கடைசியாக இன்னொரு வரி வந்து விழுந்தது.

"வண்டி இனி வேண்டாம்."