இறக்கைகள் தனி, உடல்கள் தனி

அவன் பசைப் புட்டியின் கழுத்தில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தான்.

கெட்டிப் பசைக்கு ஒன்று. சட்டென்று பிடித்துக்கொள்ளும் பசைக்கு இரண்டு.

பரிமளா காப்பியோடு வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மொட்டைமாடி அறைக்குள் அவள் கால் வைத்தது குறைவு. வைக்க இடம் இருந்ததில்லை. மரத்தூள், அறுந்த ஒயர், பாதி செய்த விமானம், அதன்மேல் இன்னொரு பாதி. பம்பு செட் கம்பெனியில் ஷிஃப்டு முடிந்து வந்தால் அவன் நேரே இங்கேதான் ஏறுவான். பொம்மை ஏரோப்ளேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அவன் பேசவில்லை. அதன்பிறகு அவள் சொன்னதில்லை.

இப்போது தரை தெரிந்தது.

ஒரு சுவரில் இறக்கைகள். ஒவ்வொன்றுக்கும் பழைய வேட்டியில் தைத்த உறை. எதிர்ச் சுவரில் உடல்கள், பஞ்சு சுற்றிய கொக்கிகளில், மூக்கு தரையைப் பார்க்க. பேட்டரிகள் தீப்பிடித்தாலும் பரவாதபடி மணல் போட்ட மண்சட்டியில். லேசான பால்சா மரப் பலகைகள் வளைந்துவிடாமல் மேசைக்கடியில் படுக்கையாக.

இழுப்பறைகளின் விளிம்பில் கத்திக் கீறல்கள். முதலாவதற்கு ஒன்று. அடுத்ததற்கு இரண்டு.

"பேர் எழுதி ஒட்டுனா ஆகாதுங்களா?"

"எழுத்து தேஞ்சு போயிரும்," என்றான்.

விற்கப் போகிறான் என்று நினைத்தாள். யாரோ வந்து பார்க்கப் போகிறார்கள், அதற்குத்தான் இந்தச் சுத்தம். பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் விமானம் விட மைதானத்துக்கே போகவில்லை. கேட்டால், காற்று சரியில்லை என்பான்.

காற்று நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தாள். அறையின் ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே அவன் கண்ணைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தான்.

கை சுவரோடு போனது. ஓர் உறையைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. அதற்கும் அடுத்ததைக் கழற்றியது. திரும்பி நடந்தான். எதிலும் இடிக்கவில்லை. எதிர்ச் சுவரிலிருந்து ஓர் உடலை இறக்கி மேசையில் கிடத்தினான். விரல் இழுப்பறையின் கீறல்களைத் தடவியது.

இறக்கையைப் பொருத்தும்போது திருகாணி ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

மண்டியிட்டான். உள்ளங்கையால் தரையைத் துழாவினான். வெகுநேரம் துழாவினான்.

துண்டை அவிழ்க்கவில்லை.

மேசைக்காலின் அருகில் அது கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அவன் விரலில் அது தட்டுப்பட்டபோது அவளும் மூச்சை விட்டாள். அது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"பரிமளா?"

துணிகளை அப்படியே கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"எப்ப இருந்துங்க?"

அவன் துண்டை அவிழ்த்து மடித்தான்.

"நேரா இருக்கறது தெரியுது. சுத்தி மூடிட்டே வருது. குழாய் வழியாப் பாக்கற மாதிரி. கொஞ்சங்கொஞ்சமா அதுவும் போயிருமாம். வைத்தியம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?"

"இந்த ரூமை ஒழுங்கு பண்ணிட்டுச் சொல்லலாம்னு."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பசைப் புட்டிக்குத் தெரிந்திருக்கிறது. இழுப்பறைக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது சொன்னால் கத்திவிடுவோம் என்று தோன்ற, தரையில் உட்கார்ந்தாள்.

அவனும் எதிரே உட்கார்ந்தான்.

"செய்யறது கைக்கு வந்துரும்," என்றான். "பறக்க விடறதுதான் முடியலை. மேல போனதும் குழாயை விட்டு வெளிய போயிருது. எங்க போச்சுன்னே தெரியறதில்லை."

மேலே கொக்கிகளில் விமானங்கள் அசையாமல் தொங்கின.

"ரிமோட்டை நான் புடிக்கறேன்," என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஒடைஞ்சு போனாத் திட்டக் கூடாது."

"ஒடையட்டும். ஒட்டறதுக்குத்தான பழகிட்டு இருக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போனார்கள். முகத்தில் காற்று அடிக்கும் பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, அவன் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்து வீசினான்.

"ஏறுதுங்க. ஏறுது. ஐயோ, வலப்பக்கம் சாயுது."

"இடப்பக்கம் தள்ளு. மெதுவா."

"நேராயிருச்சு!"

அவள் சத்தமாகச் சிரித்தாள். அவன் இருந்த இடத்திலேயே தலையை நிமிர்த்தி, மோட்டார் சத்தத்தின் பின்னாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

விமானம் வட்டமடித்து அவர்களை நோக்கித் திரும்பியது. எதிரே வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும் என்று அவன் சொல்லித்தான் இருந்தான். அவள் விரலுக்கு அது மறந்துவிட்டது.

சத்தம் சட்டென்று நின்றது.

அவள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். இறக்கை இரண்டாகக் கிடந்தது. வால் தனியே. மூக்கு சில்லுசில்லாக. புல்லை விலக்கி விலக்கிக் கடைசிச் சிராய் வரை துப்பட்டாவில் பொறுக்கினாள்.

திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எல்லாம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க."

"ஒண்ணொண்ணாக் குடு."

அவன் கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினான்.