இரண்டு பேருக்கான மூச்சு

ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மனைவிக்குக் குளிரக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்து, அறைக்குள் கனன்றுகொண்டிருந்த கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தவன் ரூபன்தான். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெசிந்தா ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். தலைவலி விட்டிருந்தது. முகமூடியின் வார்தான் காதுக்குப் பின்னால் அறுத்தது. கழற்றிவிட்டாள்.

"போதும் சிஸ்டர். விஷவாயு எல்லாம் மூச்சோட வெளியே போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"உங்களுக்குப் போயிடுச்சும்மா. உள்ளே இருக்கற ஆளுக்கு மெதுவாத்தான் போகும். அதுவும் உங்க மூச்சு வழியாத்தான் போகணும்." நர்ஸ் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள்.

வார் காதில் உரசாமல் ரூபன் விரல் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அசைஞ்சுதா?"

"எத்தனை தடவை கேப்பீங்க? காலையிலேருந்து இல்ல." முகமூடிக்குள் அவள் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. "கொஞ்ச நேரம் எனக்குப் பதிலா நீங்க மூச்சு விடுங்களேன். நான் தூங்கறேன்."

கோபப்படவும் தெம்பில்லாமல் அவள் அவனுடைய இன்னொரு கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடுத்த மூச்சை இழுக்கவே அலுப்பாக இருந்தது. இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

அவன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ லேசாக ஏறி இறங்கியது. அது குழந்தையா, அவளுடைய மூச்சா என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் அவள் ஒரு கணம் மூச்சை நிறுத்த வேண்டும். அதை அவன் கேட்கவில்லை.