காதல் ராணி வீட்டுத் தொடர்

முப்பத்தொரு பாகம் எழுதி, ‘காதல் ராணி’ என்று வாசகிகளிடம் பெயரெடுத்தவள் நான். நாயக்கர் காலத்துப் படைவீரன் மாறவேள் காலம் கடந்து வந்து, மதுரையில் வங்கி வேலை பார்க்கும் மேகலையைக் காதலிக்கிற என் கதை, ஒருவழியாக டிவி தொடரானது.

இப்போதைய டிவி, பார்ப்பவர் முகத்தைப் படித்து, அவரவர் மனசுக்குப் பிடித்த மாதிரி கதையை மாற்றிக்கொள்கிறது. எனக்கு ஓடிய தொடரில் இரண்டாவது வாரமே காதல் காணாமல் போனது. மாமியார் சண்டையும், மாறவேள் ஆதார் அட்டைக்கு அலைவதும்தான் மிச்சம். காதல் காட்சி வந்தாலே காதல் ராணி கொட்டாவி விட்டிருக்கிறாள்!

பக்கத்து அறையில் என் கணவர் குழந்தைவேலு அதே தொடரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் புத்தகம் ஒன்றைக்கூடப் புரட்டாத மனிதர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

“சுகந்தி, இங்க வந்து பாரேன்.”

“ஒரு நிமிஷங்க, இந்த அத்தியாயத்த முடிச்சுட்டு வர்றேன்.”

முடித்துவிட்டுப் போனபோது அன்றைய தொடர் முடிந்திருந்தது.

மறுநாள் நானே போனேன். என் முகம் டிவிக்குத் தெரிந்தால் கதையில் மாமியார் சண்டை வந்துவிடுமே என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அவருடைய தொடரில் மேகலைக்கு வங்கி வேலை இல்லை, கதை எழுதுகிறாள். நானூறு வருஷம் தாண்டி வந்த மாறவேள் கதவைத் தட்டினான். அவள் பாதி வரியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“வாங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள். அவ்வளவுதான்.

அவர் தேம்பினார்.

முப்பத்தொரு பாகத்திலும் எனக்கு எழுத வராத காதல் காட்சி அது.