உப்பு உறைந்த வளைவு

நண்பகல் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. எதிரே சீனாவின் ஷான்ஷிக் குன்று முழுக்கச் சூரியத் தகடுகள் மின்னுகின்றன. அவை மின்சாரத்தைக் கொட்டும் இந்த நேரத்தில் நிலக்கரி மின்நிலையம் அடங்கி ஓட வேண்டும். மிஞ்சும் சூட்டை உருகிய உப்பு வாங்கிப் பெரிய தொட்டியில் சேர்த்துவைக்கும். இன்று உப்பு நகரவில்லை. சூட்டுக்குப் போக்கிடம் இல்லாததால் நெருப்பையே குறைத்துக்கொண்டு போகிறார்கள். உலையின் கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்க்கிறாள் உலையைக் கவனிக்கும் ரூய்ஜென். தீ காற்றிலாடும் திரிபோலத் துடிக்கிறது. அது அணைந்தால், இங்கிருந்து குழாயில் சூடு போகும் ஊரில் ஒரு வீட்டிலும் கதகதப்பு இருக்காது. வெளியே உப்புக் குழாய் நெடுக ஸ்பானரால் தட்டிக்கொண்டு வருகிறார் மூத்தவர் குவோ. டங், டங் என்று வந்த சத்தம் வளைவில் தொப்பென்று அமுங்குகிறது. அவள் அவரிடம் ஓடுகிறாள்.

"இங்கதான் கல்லாயிருச்சு. எந்தப் புண்ணியவான் குழாயோட பஞ்சுறையப் பிச்சு வச்சான்?"

பிய்ந்த பஞ்சுறைக்குள் குளிர்காற்று ஊதுகிறது. அங்கே ஒரு சாப்பாட்டு டப்பா, மதியம்வரை சூடாக இருக்கட்டும் என்று பத்திரமாகச் செருகிவைத்தது. குவோ மூடியைத் திறக்கிறார். முட்டைக்கோஸ் கொழுக்கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கிடக்கின்றன.

அவர் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரக்கிறது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து. "அண்ணே, வெயில் பிரமாதமாம். இன்னும் குறைக்கச் சொல்றாங்க."

"குறைச்சா அணைஞ்சிரும்யா!"

குவோ டப்பாவை மூடுகிறார். யாருடையது என்று கேட்கவில்லை; நேரே ரூய்ஜென்னிடம் நீட்டுகிறார்.

"பிடி, தங்கச்சி."

கையுறையைத் தாண்டிச் சில்லிடுகிறது.