பல் வலி லீவு

"பல்லு வலி இன்னா ஆச்சு ஜெஸ்டன்?"

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஜெஸ்டனுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தான். எதிரே சம்பத் சார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவனுடைய புரொடக்‌ஷன் மேனேஜர்.

நேற்று சாயங்காலம் இவரிடம்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கடவாப்பல் சார். நாளைக்கு வேலூர் போய் புடுங்கிட்டு வந்துடறேன்." சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும், யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியதே சம்பத் சார்தான். அப்படிப்பட்டவரே இரக்கப்பட்டு அனுப்பிவைத்தார்.

இப்போது அவன் சட்டையில் 11 என்று எழுதிய அட்டை குத்தியிருந்தது. வேலூர்க் கல்லூரி ஒன்றில் வேலைக்குப் போகிறவர்களுக்கான வாரக் கடைசி எம்.பி.ஏ., 2004ஆம் ஆண்டுச் சேர்க்கை. முதல் பத்துப் பேருக்கு ஒன்பது மணிக்கே குழு விவாதம் முடிந்துவிட்டது. அடுத்த பத்துப் பேரோடு அவனும் முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தான். இதில் எதற்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்லை.

சம்பத் சார் டை கட்டியிருந்தார். ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வந்தபோதுகூட டை கட்டாத மனிதர். ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஜெஸ்டனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தேர்வுக் குழுவில் கம்பெனி ஆள் ஒருவரும் உட்காருவார் என்று காலையில் பேசிக்கொண்டார்கள். அந்த ஆள் இவர்தான்.

நான்கு வருடமாக அவன் கீழே லைனில் சூப்பர்வைசர். மாடியில் பையர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு எம்.பி.ஏ. வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்கு வழியான எம்.பி.ஏ. சீட்டும், கையிலிருக்கிற வேலையும், இரண்டும் இந்த ஒரு மனிதரிடம் மாட்டிக்கொண்டன. மழுப்பினால் இரண்டும் போய்விடும். ஜெஸ்டன் எழுந்து நின்றான்.

"பொய் சொன்னேன் சார். பல்லு நல்லாதான் இருக்குது. உண்மையச் சொன்னா லீவு குடுத்திருக்க மாட்டீங்க. தப்புதான். ஆனா இந்த சீட்டுக்கு நான் லாயக்குன்னு நம்பறேன் சார்."

சம்பத் சார் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உக்காரு. குரூப் டிஸ்கஷன்ல இன்னா பண்ணே?" என்று கேட்டபடி, நெஞ்சில் சாய்த்துப் பிடித்த ஃபைலின் மேல் ஒரு தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

நேர்முகத் தேர்வை இங்கேயே ஆரம்பித்துவிட்டார் என்று ஜெஸ்டன் விறைப்பாக உட்கார்ந்தான்.

"தோல் பதப்படுத்தற ஷாப் வேணுமா, பாலாறு வேணுமான்னு தலைப்பு சார். ஒரே சந்தைக்கடை. நான் ரெண்டு தடவதான் பேசினேன். பெர்சிஸ்னு ஒரு பொண்ணு கடைசி வரைக்கும் வாயே தொறக்கல. அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னு கேப்போமேன்னு சொன்னேன். அவங்க பேச ஆரம்பிச்சதும் மத்தவங்க அடங்கிட்டாங்க."

"அடுத்தவங்களப் பேச வெச்சா அதுக்கெல்லாம் மார்க் உண்டா?"

"அதுக்குத்தான் சார் ஜாஸ்தி மார்க்கே."

சம்பத் சாரின் முகம் வாடிப்போனது. வேண்டுமென்றே முகத்தைச் சுளித்து ஆழம் பார்க்கிறார் என்று ஜெஸ்டன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"சரி, எதுக்கு எம்.பி.ஏ.ன்னு கேட்டா இன்னா சொல்வே?"

"ஷூ எப்படி செய்யறதுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா அத இந்த வெலைக்கு ஏன் விக்கிறோம்னு தெரியாது. அதத் தெரிஞ்சிக்கதான் வந்தேன்."

"இரு, இரு. கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். என்ன ஒரு நிதானம் என்று ஜெஸ்டனுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

"உன் பலவீனம் இன்னான்னு கேட்டா?"

இந்தக் கேள்விக்காக ஒரு மாதமாகத் தயாராக இருந்தவன் அவன்.

"கீறல் இல்லாத தோலே கெடையாது சார். முள்ளு கிழிச்சிருக்கும், உண்ணி கடிச்சிருக்கும். அதுக்காக நாம தோலத் தூக்கிப் போட்டுடறதில்ல. லேஸுக்கு அடியில மறையற மாதிரி பார்த்து வெட்டறோம். நான் ஜாஸ்தி பேசுவேன், அதான் என் கீறல். லைன்ல நின்னு பேசினா வேலை கெடும். பையர் முன்னாடி உக்கார வெச்சா அதே வாய் ஆர்டர் புடிச்சிக் குடுக்கும்."

சம்பத் சார் எழுதி முடித்துவிட்டு அவனையே பார்த்தார். "பிரமாதம்பா" என்றார்.

நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. சீட் கிடைத்த மாதிரிதான். திரும்பும்போது ஆம்பூரில் இறங்கி, வீட்டுக்கு ஒரு கிலோ பிரியாணியாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டான்.

அறைக்குள் மணி அடித்தது. பியூன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நம்பர் பத்து, உள்ள வரலாம்."

பத்தாம் நம்பர் யார் என்று ஜெஸ்டன் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

சம்பத் சார் எழுந்தார். எழுதிய தாளை மனப்பாடம் செய்வதுபோல் ஒருமுறை வாய்க்குள் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஃபைல் நெஞ்சை விட்டு இறங்கியது. டைக்குப் பக்கத்தில் 10 என்ற அட்டை தொங்கியது.

"ஜெஸ்டன், நாளைக்கு ஜி.எம். கேட்டா உனக்கு வயித்து வலின்னு சொல்லிடு" என்றார், கதவருகே திரும்பி. "பல்லு வலியச் சொல்லிதான் நான் லீவு வாங்கியிருக்கேன்."