ஆம்பிளை இல்லாத ஊர்

“ஆம்பளைக யாரும் ஊர்ல இல்லீங்கய்யா. எல்லாரும் சாமி கும்பிடப் போயிட்டாக” என்று வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள் மாயக்காள்.

ஏசுதாசனுக்குத் தலை சுற்றியது. எழுபத்தேழாம் வருஷத் தேர்தல். சனிக்கிழமை ஓட்டுப்பதிவு என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வரும் வேலை அவருக்கு. தேனியிலிருந்து ஜீப்பில் கிளம்பி மூன்று நாளாகிறது, ஒரு ஆம்பிளை கண்ணில் படவில்லை. முதல் ஊரில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அடுத்த ஊரில் இழவுக்கு. மயிலாடும்பாறை தாண்டி இங்கே வந்தால் சாமி!

ஆனால் மாயக்காள் வீட்டு வாசலில் ஆண் செருப்புகள் அப்படியே கிடந்தன. உள்ளே பெரிய பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

போன தேர்தலில் இந்தப் பக்கம் ஓட்டுக் குறைந்ததற்கே மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஏசுதாசன். இந்த முறையும் பூத் காலியாகக் கிடந்தால் எங்கேயாவது தூக்கியடித்துவிடுவார்கள். வீட்டில் மகள் வேறு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

“இங்க பாரும்மா, ஓட்டுப் போடத்தான் கூப்பிடுறோம். உங்க வீட்டுல ஆம்பளைக யாரு யாரு?”

“ஒத்த மகன்யா. அவனுக்கு இன்னும் கல்யாணங்கூட ஆகல.”

“கல்யாணம் ஆனா என்ன, ஆகாட்டி என்ன? இருபத்தோரு வயசு ஆயிருச்சுல்ல? வந்துதான் ஆகணும்.”

மாயக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “எங்க வீட்டுக்காரருக்கு அறுவது தாண்டிருச்சே... அவரையுமா?”

“எண்பதானாலும் வரணும்! நடக்க முடியாட்டி மாட்டுவண்டியில ஏத்தியாவது கூட்டிட்டு வா.”

“அடப் பாவிகளா!” என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

ஓட்டுப் போடக் கூப்பிட்டால் ஒரு பொம்பிளை எதற்காக மாரில் அடித்துக்கொள்ள வேண்டும்? ஏசுதாசனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “ஏம்மா, அரசாங்கம் நல்லதுக்குத்தானே சொல்லுது?”

“போன வருசமும் நல்லதுக்குன்னுதான் சொன்னீக! வேட்டி குடுக்கோம்னு சொல்லி எங் கொழுந்தனாரை ஏத்திட்டுப் போனீகளே, மறந்து போச்சா? எம் மகனுக்கு வைகாசியில கல்யாணம்யா. ஒங்க கால்ல விழுறேன், அவனை விட்டுருங்க!”

“நாங்க ஏத்திட்டுப் போனோமா? எதுல?”

“இந்தா நிக்குதே, இதே வண்டியிலதான்!” என்று ஜீப்பைக் கைகாட்டினாள்.

ஏசுதாசன் திரும்பி நடந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக ஜீப்பைச் சுற்றி டிரைவர் பக்கம் போய்ப் பார்த்தார்.

தலைகீழாக ஒரு பெரிய சிவப்பு முக்கோணம். அதற்குக் கீழே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. ‘குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை முகாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“நம்ம ஜீப் ரிப்பேர்னு அந்த ஆபீஸ்ல இரவல் வாங்குன வண்டிதான சார்” என்று தலையைச் சொறிந்தான் டிரைவர் கர்ணன். “எலெக்‌ஷன் நோட்டீசை ஒட்டி மறைச்சுரலாம்னுதான் பாத்தேன். பசை பத்தல. நீங்க ஏறுற பக்கம் மட்டும் ஒட்டிட்டேன்.”