மேல்வீட்டு ஏசி

பெட்டியை வாசலில் போட்டது போட்டபடி தோட்டத்து மூலைக்கு ஓடிய ஜானகிக்கு வயிறு எரிந்தது. சிமென்ட் தொட்டியில் அல்லி சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் வசம்பும் கல்வாழையும் கருகி நின்றன.

நாளைக் காலை தோட்டக் குழுப் பெண்கள் பார்க்க வருகிறார்கள். "வருஷம் பூரா மண்ணு ஈரமா இருக்குமா?" என்று நர்சரிக்காரர் கேட்டபோது, "மேல்வீட்டு ஏசி இருக்கறப்ப ஈரத்துக்கு என்ன பஞ்சம்?" என்று பீற்றிக்கொண்டு வாங்கிய செடிகள். அடையாறு முழுக்கச் சொல்லியாயிற்று, இனி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

யாசிர் வீட்டு ஏசி மார்கழியிலும் ராப்பகலாக ஓடும். அப்படி ஒரு சொகுசு. தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருமுறை அவள் சண்டைக்குப் போக, அவன்தான் குழாய் போட்டுச் செடிப்பக்கம் விட்டான். அந்தச் சண்டையை மனதில் வைத்து, அவள் கோவைக்கு மகள் வீடு போன சமயம் பார்த்து நிறுத்திவிட்டான்.

விறுவிறுவென மாடியேறினாள். யாசிர் வீட்டு வாசலில் செருப்புக் குவியல், வாடகை நாற்காலிகள். எதிர்வீட்டு கீர்த்தி பெரிய தூக்கில் சாப்பாடு கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஓகோ, விருந்து. கீழ்வீட்டுக்காரிக்கு மட்டும் அழைப்பில்லை.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்..." என்று இழுத்தாள் கீர்த்தி. ஜானகி நிற்கவில்லை.

"ஏம்பா யாசிர், கோவம்னா என்கிட்ட காட்டு. வாயில்லாத செடி உனக்கு என்ன பண்ணுச்சு? வேணும்னேதான ஏசிய நிறுத்தி வெச்சிருக்க?"

கூடத்தில் பேச்சு அடங்கியது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். தன் குரல் மட்டும் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவளுக்கே கூசிப்போயிற்று.

யாசிர் எழுந்து வந்தான். "ஸாரி ஆன்ட்டி, செடி ஞாபகமே வரல. இப்பவே ரெண்டு பக்கெட் ஊத்திடறேன்."

அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கச் சிரிப்பது போல் சிரித்து, "பக்கெட்டெல்லாம் எதுக்குப்பா, ஏசிய போட்டுவிட்டா போதாதா?" என்றாள்.

அவன் அறைக் கதவைத் திறந்தான். ஏசிக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கட்டில். மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அத்தா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. இனிமே யாருக்குப் போடறது?"